எச்சரிக்கைக் குழாய்க்கு வாய்ப்பூட்டு

வாருங்கள். இந்தப் பின்வாசலில் வந்து நின்று அண்ணாந்து பாருங்கள். கூரைக்குக் கீழே சுவரைத் துளைத்துக்கொண்டு விரல் பருமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டைச் சூடாக்கும் நீர் பரணிலுள்ள தொட்டியில் நிரம்பி வழிந்தால், அக்கம்பக்கம் அறியச் சொட்டட்டும் என்றே அதை வெளியே நீட்டி வைக்கிறார்கள். அதன் பெயரே எச்சரிக்கைக் குழாய். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை அது எச்சரித்தது. அதன் கீழிருந்த வீட்டில், இங்கிலாந்தில் லங்காஷயரின் நெசவாலைகளில் நாற்பது வருடம் பஞ்சுத்தூசியை மூச்சாக இழுத்த ஏமஸ் ஹோவர்த், குளிரில் நெஞ்சடைத்துச் செத்தார். செத்தவரின் மனைவிதான் குற்றவாளி என்கிறது, வீட்டை வாடகைக்கு விட்ட நகராட்சியின் வீட்டு அலுவலகம். இந்த அநியாயத்துக்கு நீங்கள் சாட்சி.

மார்ச் மாதத்து முதல் திங்கட்கிழமை காலை, அந்த அலுவலகத்துக்காகப் பழுது பார்க்கும் ஹெட்லி டாட்டர்சால் கருவிப் பையோடு அந்த வாசலில் நின்றார். ஐம்பத்தாறு வயது; கூரைப் பரண்களில் தவழ்ந்தே முழங்கால் தேய்ந்த மனிதர். என்ன எழுத வேண்டும் என்பதை மேலாளர் கிரிம்ஷா காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். "கெழவி குழாயில ஹோஸை மாட்டி வச்சிருக்கா. 'குடியிருப்பவர் கைவைத்ததால் பழுது'ன்னு ஒரு வரி எழுது, போதும். பரண் ஏறி முட்டியை ஒடச்சுக்காத." அந்த ஒரு வரி விழுந்துவிட்டால், வியாழக்கிழமை நடக்கவிருக்கும் வீட்டு விசாரணை அதோடு முடிந்தது. நாற்பத்தொரு வருடம் வாழ்ந்த வீட்டை வினிஃப்ரெட் ஹோவர்த் காலி செய்ய வேண்டும். கணவனைக் கொன்றவள் என்ற பெயரைச் சுமந்துகொண்டு.

கதவைத் திறந்தவள் முதலில் மன்னிப்புக் கேட்டாள். இவ்வளவு தூரம் வரவழைத்ததற்கு. வீடு குளிராக இருப்பதற்கு. ஏறிப்போக வேண்டிய ஏணிக்கு. பிறகு தேநீர் போட்டாள். "உங்களுக்கு முன்னாடி ரிப்பேருக்கு நாலு பேரு வந்தாங்க தம்பி. மூணு பேரு டீ குடிச்சாங்க, டேங்கை ஒழுங்காப் பாக்கல. முதல்ல வந்தவருக்கு டீ குடிக்கவும் நேரமில்ல."

ஹெட்லி கோப்பைக்குள்ளேயே பார்வையை வைத்துக்கொண்டார். முதலில் வந்தவர் அவர்தான். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று அவர் தொப்பியைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. ஒரு வேலைக்குப் பத்து நிமிடம் என்பது அலுவலகக் கணக்கு. ஏறினார், தொட்டி நிரம்பியதும் நீரை நிறுத்தும் மிதவை வால்வை மாற்றினார், இறங்கினார். அவருக்குப் பின் வந்த மூவரும் அதே வால்வை மறுபடி மறுபடி மாற்றிவிட்டுப் போனார்கள்.

ஹோஸின் கதையை அவளாகவே சொன்னாள். டிசம்பரில், சொட்டிய நீர் பின்படியில் கண்ணாடியாக உறைந்தது. ஏமஸ் புறாக்கூண்டுக்குப் போகும் வழி அது. மறுபடி புகார் செய்து யாரையும் தொந்தரவு செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. குறைப்பட்டுக்கொள்வது அந்தத் தெருவில் பழக்கமில்லை. பக்கத்து வீட்டு ஏணியில் ஏறி, குழாய் முனையில் தோட்டத்து ஹோஸைச் செருகி, நீரைச் சாக்கடைக்கு வழிகாட்டினாள். படி காய்ந்தது. ஜனவரியில் வந்த பரிசோதகர் சுவரைப் பார்த்தார், சொட்டு இல்லை. 'சரியாகிவிட்டது' என்று எழுதிப் புகாரை மூடினார். பிப்ரவரியில் ஏமஸ் செத்த பிறகுதான் அவர்கள் கண்ணில் ஹோஸ் பட்டது. அவள்மேல் குற்றம் சாட்டி வந்த கடிதம் அவளுடைய மேலங்கிப் பையில் இருந்தது. பேசும்போதெல்லாம் கை அதைத் தொட்டுத் தொட்டு மீண்டது.

ஹெட்லி தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு பரண் ஏறினார்.

இரண்டு தொட்டிகள். மரச்சட்டத்தின் மேல் உயரமாகப் பெரியது. குளியலுக்கும் சமையலுக்கும் அதிலிருந்துதான் நீர் இறங்குகிறது. தாழ்வாகச் சிறியது, அது சூடாக்கும் குழாய்களுக்கு உரியது. வழிந்துகொண்டிருந்தது சிறியது. கையை விட்டுப் பார்த்தார். நீர் சில்லென்றிருந்தது. ஆகவே பாய்லர் சுடுநீரை மேலே தள்ளவில்லை. வால்வோ புத்தம் புதிது. அக்டோபரில் செய்திருக்க வேண்டிய சோதனையை இப்போது செய்தார். சிறிய தொட்டிக்கு வரும் நீரை அடைத்தார். மிதவையின் கை தாழ்ந்து வால்வு திறக்காதபடி அதை ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டினார். தொட்டியில் இருந்ததில் பாதியை மொண்டு ஊற்றிவிட்டு, நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டார். பிறகு உத்தரத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். ஒரு மணி நேரம். அதற்கு மேல் அந்தச் சோதனைக்கு எதுவும் தேவையில்லை. ஐந்து மாதத்தில் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் யாரும் அந்த வீட்டுக்குத் தரவில்லை.

வரும் வழி அடைத்த தொட்டியில் நீர் ஏறியது. கோடு மூழ்கியது.

கீழே இறங்கி, துணி உலர்த்தும் அலமாரியைத் திறந்தார். செம்பாலான சுடுநீர்க் கலம் அங்கே நின்றது. அதற்கு மேலிருந்த தட்டில் ஏமஸின் கம்பளி உள்ளாடைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. பெரிய தொட்டியிலிருந்து கலத்துக்கு வரும் நீரை அடைத்துவிட்டு மறுபடி ஏறினார். புதிதாக ஒரு கோடு போட்டார். இம்முறை மட்டம் அசையவில்லை. கலத்து நீரைச் சுடவைக்க அதற்குள் பாய்லர் நீர் ஓடும் சுருள் குழாய் அரித்து ஓட்டையாகியிருந்தது. உயரத் தொட்டியின் நீர் அந்த ஓட்டை வழியாக ஐந்து மாதமாகச் சூடாக்கும் குழாய்களுக்குள் புகுந்து, சிறிய தொட்டியில் ஏறி வழிந்துகொண்டிருந்தது. ஓயாமல் வந்த புதுநீர் இரும்பைத் தின்றது. ஏமஸ் உட்கார்ந்திருந்த அறையைச் சூடாக்கும் வெப்பத் தகட்டைத் திறந்ததும், வாளியில் கறுப்புச் சேறு விழுந்தது. சேறு அடைத்த தகடு எப்படிச் சுடும்?

வினிஃப்ரெட் வாளியைப் பார்த்தாள். "அப்போ... அந்த ஹோஸ்?"

"ஹோஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நீங்க மாட்டலைன்னாலும் ஓட்டை ஓட்டைதான்."

அப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் என்றைக்கும் சொல்லப்போவதில்லை என்று ஹெட்லிக்குத் தெரிந்தது. "டீ குடிக்காமப் போனது நான்தாம்மா."

அவள் வாளியிலிருந்து நிமிர்ந்தாள். "அன்னைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருந்தீங்கன்னா?"

"இருந்திருக்கணும்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் அதைக் கேட்கவில்லை. சமையலறை மேசையில் அறிக்கைத் தாளை விரித்தார். 'காரணம்' என்ற கட்டத்தில் சுருள் குழாயின் ஓட்டையை எழுதினார். செய்த சோதனையை எழுதினார். முதல் வருகையில் பத்து நிமிடத்தில் தவறாக முடிவு செய்தவர் யார் என்று தம் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். குடியிருப்பவருக்கு உரிய இளஞ்சிவப்பு நகல் ஒன்று அந்தத் தாளில் உண்டு; அதை எவரும் கிழித்துக் கொடுப்பதில்லை. அவர் கிழித்துக் கொடுத்தார். கூடத்துத் தொலைபேசியில் கிரிம்ஷாவுக்கும் படித்துக் காட்டினார்.

"நீயே சுருக்குப் போட்டு நீயே கழுத்த நீட்டுற. கிழிச்சுப் போட்டுட்டு வா."

"ஒரு காப்பி அந்தம்மா கைல இருக்கு சார்."

புதிய கலம் வைப்பதற்காக அலமாரியைக் காலி செய்யச் சொன்னார். வினிஃப்ரெட் உள்ளாடைகளை மார்போடு சேர்த்து எடுத்தாள். அவற்றுக்கு இனி எந்த இடம் என்று தெரியாமல் கூடத்திலேயே நின்றாள். இளஞ்சிவப்புத் தாள் கையிலிருந்தால் போன கணவன் திரும்பி வருவானா?

வியாழக்கிழமை அந்த இளஞ்சிவப்புத் தாளோடு அவள் விசாரணைக்குப் போகிறாள். தாள் பொய் என்பார்கள். எழுதியவனுக்கு வேலை போகும் என்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்? உங்கள் தெருவில் ஒரு சுவர் சொட்டுகிறதா? அதன் வாயைப் பொத்தாதீர்கள். அந்த வீட்டின் கதவைத் தட்டுங்கள். பழுதை நீக்கிவிட்டேன் என்று எவன் சொன்னாலும், நீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை அவனிடமிருந்து கறந்து எடுங்கள். காரணத்தை எழுதி வாங்குங்கள். எழுதித் தரும்வரை அவனை வாசல் தாண்ட விடாதீர்கள்.