மிச்சப் பலகைகள்

புயல் வெள்ளம் வடிந்த நியூ ஆர்லியன்ஸில் சுவராக அடிக்கும் ஜிப்சம் பலகைக்கு அப்படியொரு தட்டுப்பாடு. அலைந்து திரிந்து இறக்குமதிப் பலகை வாங்கி வீட்டை எழுப்பினாள் யூலாலி. குடியேறியதிலிருந்து அழுகிய முட்டை நாற்றம். கணவனின் வெள்ளி டிரம்பெட்டை எவ்வளவு தேய்த்தாலும் மறுநாளே கறுத்தது; ஏசியும் அடிக்கடி நின்றுபோனது.

சோதிக்க வந்தவர் சுவிட்சுப் பெட்டியைத் திறந்தார். செப்புக் கம்பி கரியாக இருந்தது.

"பலகையிலேருந்து கந்தக வாயு வருதும்மா. ஏசியையும் அதுதான் அரிச்சிருக்கு. மொத்தத்தையும் பேத்து எறியணும்."

"வெள்ளம் விட்டு வச்சதைச் சுவரு தின்னுதா? நாசமாப் போக!" என்று சீறியவள் சட்டென்று வேலிக்கு அப்பால் திரும்பிப் பார்த்தாள்.

மிச்சப் பலகைகளைப் பக்கத்து வீட்டு டெல்ஃபீனுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்திருந்தாள். நேற்றுத்தான் டெல்ஃபீன் சொன்னாள்: "உங்க புண்ணியத்துல பாப்பாவுக்குத் தனி ரூமு அக்கா. ஆனா அதுக்கு மூக்குல ரத்தம்தான் நிக்கவே மாட்டேங்குது."