கோழிக்கால் குறி

என் தம்பி டிடெக்கேயைக் கடற்கொள்ளைக்காரன் என்று பிடித்த எதிரிக் கப்பல்தலைவன் கெர்க்ஹோஃப், அவனை மீன் பீப்பாய்க்குள் திணித்து, மூடியில் போட்ட ஓட்டை வழியாகத் தலையை மட்டும் வெளியே விட்டுக் கொண்டுபோனான். கரை சேர்ந்ததும் அந்தத் தலையை வெட்டினார்கள். எதிரிக் கப்பலை மறிக்கலாம் என்று எங்கள் பிரபு கொடுத்த பத்திரம் தம்பியின் சட்டைக்குள்ளேயே இருந்தது. அந்தப் பாவி அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. விஸ்மார் துறைமுகத்தில் பீப்பாய் செய்துகொண்டிருந்த நான், சுத்தியலோடு தம்பியின் கூட்டாளிகளுடைய கப்பலில் ஏறினேன்.

இரண்டு குளிர்காலம் கழித்து, மூடுபனியில் கெர்க்ஹோஃபின் கப்பல் எங்களிடம் சிக்கியது.

எங்கள் கப்பலில் கிடைத்ததெல்லாம் சமபங்கு. கைதியும் அதில் சேர்த்தி.

"இவன வித்தா இவன் ஊர்க்காரன் வெள்ளியா கொட்டுவான்," என்றான் எங்கள் தலைவன் லூடர். "கொன்னா என்னடா கிடைக்கும்?"

"என் பங்குத் துணி, மெழுகு எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கங்க. எனக்கு இவன் போதும்."

யாரும் மறுக்கவில்லை. அவர்களுக்கும் டிடெக்கேயைப் பிடிக்கும்.

கெர்க்ஹோஃபின் கப்பலிலேயே காலிப் பீப்பாய்கள் கிடந்தன. செய்தவன் அடையாளமாகக் கோழிக்கால் குறி சுட்ட ஒன்றைத் தேடி உருட்டி வந்து அவனை உள்ளே இறக்கினேன். கழுத்தளவு துளை போட்டு மூடியை அடித்தேன்.

"கோழிக்கால் குறி போட்டதா பாத்து எடுத்திருக்க," என்றான். "உன் குறியா?"

"என்னோடதுதான்."

அவன் சிரித்தான். "உன் தம்பியும் கோழிக்கால்லதான் வந்தான். வழியெல்லாம் உதைச்சான். நல்லா உதைடான்னு எங்காளு கேலி பண்ணான். அதுக்கு அவன், 'எங்கண்ணன் செஞ்சதுடா, உடையாது'ன்னான். பெருமையா வேற சொன்னான்."

கோடாலியை எடுத்துவிட்டேன். அப்போதுதான் அவன் கண்ணைப் பார்த்தேன். அந்த ஒரே வெட்டுக்காகத்தான் அவன் என்னைக் கிளறிக்கொண்டிருந்தான்.

கோடாலியைக் கீழே வைத்தேன். தார் காய்ச்சி மூடியின் இடுக்கெல்லாம் பூசினேன். நிமிர்ந்து மிதக்க அடியில் கல் கட்டினேன்.

"டேய், என்ன பண்ற?" என்றான். சிரிப்பு போயிருந்தது.

"தம்பி சொன்னது சரிதான். உடையாது. ஒழுகவும் ஒழுகாது."

கடலில் இறக்கினோம். தலை மட்டும் தெரிய, ஆடி ஆடி மிதந்தது. பாயை விரித்துக் கிளம்பினோம். அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், முதலில் லூடரை, பிறகு கடவுளை, கடைசியில் என்னை. குரல் ஓயும்வரை நான் அங்கேயே நின்று கேட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போயிருக்காது.