பவளத்தின் படிப்பு பற்றி ஒரு பிலடெல்பியாக்காரர்

1.

இந்தக் கதை ஒரு திருட்டில் தொடங்குகிறது. திருடியவன் நான். பறிகொடுத்தவர் இறந்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிறது. புகார் கொடுக்க மாட்டார் என்கிற தைரியம்தான்.

தொடக்கத்தை மூன்று தடவை எழுதி அடித்தேன். அடித்ததை மறைக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்:

‘1794ஆம் ஆண்டு, பிலடெல்பியா நகரில், ஒரு தகப்பன் பேனாவை எடுத்து’ (வாசகர் இதைச் சரித்திர நாவல் என்று நம்பிக் குதிரைகளை எதிர்பார்ப்பார். என்னிடம் குதிரை இல்லை.)

‘சிட்னியில், ஹோம்புஷ் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடிக் குடியிருப்பில் இரண்டு தமிழர்கள்’ (அடுத்து ஒரு பிணம் விழ வேண்டும் போலிருக்கிறது.)

‘பவளம் என்ற பெண்ணை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும்’

இந்த மூன்றாவதை முடிக்கத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இன்று 1975 டிசம்பர், முதல் வாரம்.

2.

என் பெயர் வாசுதேவன், ஊர் கும்பகோணம். அமெரிக்கா குடியரசான புதிதில் குடும்பங்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களை இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறேன். “அமெரிக்காவைப் பத்திப் படிக்க ஏண்டா ஆஸ்திரேலியா போனே?” என்று அம்மா கேட்டாள். உதவித்தொகை தந்தது இவர்கள்தான் என்றேன். அம்மா சமாதானமாகிவிட்டாள். நான் இன்னும் ஆகவில்லை.

என் ஆராய்ச்சியின் நாயகர் எலைஜா ஹோல்கம்.* கனெக்டிகட் கிராமத்துக்காரர். அமெரிக்கக் காங்கிரஸ் சபை உறுப்பினராகி, அப்போது தலைநகராக இருந்த பிலடெல்பியாவில் ஒரு விடுதி அறையில் தங்கி, ஊரில் இருந்த மனைவி தாபித்தாவுக்கு வாரம் தவறாமல் எழுதினார். முதல் பக்கம் முழுக்க, சபையில் யார் யாரைத் திட்டினார்கள் என்பது. இரண்டாம் பக்கம், மகள் மெர்சி என்ன படிக்க வேண்டும், என்ன படிக்கக் கூடாது. கடைசியில் இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி, குடும்பம்: உன் பல்வலி எப்படி, பசு கன்று போட்டதா.

குடும்பத்துக்கு ஏன் ஓரம்தான் கிடைக்கிறது? என் ஆய்வேட்டின் கேள்வி இதுதான். இரண்டு வருஷமாகப் பதில் தேடுகிறேன். இப்போது கேள்வியே சரிதானா என்று சந்தேகம்.

(* பெயர் நான் வைத்தது. செத்தவருக்கும் மானம் உண்டு.)

3.

இன்னொரு தமிழர் வரதராஜா. வயது நாற்பத்து நாலு, ஊர் யாழ்ப்பாணத்தில் கொக்குவில். ஒரு பொறியியல் நிறுவனத்தில் வரைபடம் போடுகிறார். நாங்கள் இருக்கும் வீடு அவர் பெயரில் இருக்கிறது. நான் வாடகையில் பங்கு. அவர் மனைவி நாகேஸ்வரி ஊரில் ஆசிரியை. ஒரே மகள் பவளம், பதினாறு வயது.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம் வெளிநாட்டுக்கு எழுதும் ஏரோகிராமும் கையுமாக வந்து என் எதிரே நாற்காலியை, அவர் பாஷையில் கதிரையை, இழுத்துப் போட்டார்.

“ஐசே, நீர் கடிதங்களைப் பற்றித்தானே பெரிய படிப்புப் படிக்கிறீர்?”

“ஆமாண்ணே.”

“அப்ப ஒரு கடிதம் எழுதித் தாரும்.”

விஷயம் இது. நாகேஸ்வரி ஜனவரியில் சிட்னிக்கு வருகிறார். பவளத்தைக் கூட்டி வருவதா, பள்ளிக்கூட ஹொஸ்டலில் விட்டு வருவதா? பெண்ணுக்கு டாக்டராக ஆசை. அங்கேயே இருந்தால் தரப்படுத்தல்: பல்கலைக்கழகம் புகத் தமிழ்ப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் எடுத்தாக வேண்டும். இங்கே வந்தால், தமிழில் படித்த பௌதிகத்தை இங்கிலீஷில் முதலிலிருந்து படிக்க வேண்டும். குடியேற்ற விண்ணப்பத்தில் மனைவியின் பெயரை எழுதிவிட்டார். பிள்ளையின் பெயருக்கான கட்டம் காலி. நாகேஸ்வரி மூன்று கடிதங்களில் கேட்டாயிற்று. இவர் மூன்றுக்கும் சிட்னி வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறார்.

“உங்களுக்கு என்னண்ணே தோணுது?”

“எனக்கோ? காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. எழுத வெளிக்கிட்டால் வெயில்தான் வருகுது. அதுதானே உம்மைக் கேக்கிறன்.”

நல்ல மனிதன் என்றால் இந்த இடத்தில் ‘அது உங்கள் பாடு அண்ணே’ என்று சொல்லியிருப்பான். என் பையில் அன்று மத்தியானம் படியெடுத்த ஹோல்கம் கடிதம் இருந்தது. 1794. தாபித்தாவும் இதே கேள்வியைத்தான் கேட்டிருந்தாள். மெர்சியைப் பிலடெல்பியாவுக்கு அழைத்து வரட்டுமா என்று.

மொழிபெயர்த்தேன். பிலடெல்பியாவைச் சிட்னியாக்கினேன். நடன வகுப்பை டென்னிஸ் ஆக்கினேன், பிறகு கூச்சப்பட்டு எடுத்துவிட்டேன். மிஞ்சியது:

‘பிள்ளையை இங்கே கூட்டி வர வேண்டாம். இந்த நகரத்தில் எல்லாரும் எல்லாம் தெரிந்தவர்கள் போலப் பேசுகிறார்கள். அங்கே அவளுடைய ஆசிரியர் தெரியாததைத் தெரியாது என்கிறார். அவரிடமே படிக்கட்டும். அவளைப் பார்க்காமல் இருப்பது எனக்குக் கடினம். ஆனால் என் கடினத்தை அவளுடைய பாடத்திட்டம் ஆக்க மாட்டேன்.’

வரதராஜா வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “இதுக்குள்ள ஒரு தேப்பன் இருக்கிறான் ஐசே” என்றார். தன் கையெழுத்தில் படியெடுத்துத் தபாலில் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வாரம் ஆய்வேட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை.

4.

நாகேஸ்வரியின் பதில் அக்டோபரில் வந்தது. ‘இருபது வருஷத்தில் நீங்கள் இப்படி எழுதி நான் காணவில்லை. உங்கள் மனம் இப்போதுதான் விளங்குகிறது. நீங்கள் சொன்னபடி பவளத்தை விட்டுவிட்டு வருகிறேன். அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். அழுதாள். பிறகு கடிதத்தைத் தனக்குத் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள்.’

வரதராஜா இதை எனக்குச் சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்ததும் விண்ணப்பத்தின் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சந்தோஷப்பட்டவர் மாதிரி இல்லை.

5.

மறுநாள் நூலகத்தில் ஹோல்கம் கடிதங்களின் அடுத்த மைக்ரோஃபிலிம் சுருளைக் கேட்டு வாங்கினேன். முதல் வரைவில் இந்த இடத்தை இப்படி எழுதியிருந்தேன்:

‘இரண்டு வருஷம் கழித்து ஹோல்கம் மனைவிக்கு எழுதுகிறார்: அன்புள்ள தாபித்தா, மெர்சியைப் பற்றிய அந்த வாக்கியம் என்னுடையது அல்ல. எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். பக்கத்து அறையில் இருக்கும் பிள்ளையில்லாத பிரம்மச்சாரி ஒருவன் சொல்லித் தந்தது.’

நம்பினீர்களா? கட்டுக்கதை. நான் வைத்த கண்ணி அது. அமெரிக்காவிலும் என்னைப் போல ஒருவன் இருந்திருந்தால் எனக்குத் தூக்கம் வரும், அதற்காக எழுதினேன். உண்மையில் அந்தச் சுருளில் பதினெட்டு மாதக் கடிதங்கள் இல்லை. தொலைந்தனவா, யாராவது எரித்தார்களா, தெரியாது. இடைவெளிக்குப் பிறகு வரும் கடிதம் இங்கிலாந்தோடு செய்த உடன்படிக்கையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் கத்துகிறது. மெர்சியைப் பற்றி ஓரத்தில் ஒரே வரி: ‘மெர்சியின் கடிதம் கிடைத்தது. மரியாதைக்குரிய ஐயா என்று தொடங்குகிறாள்.’

அந்தக் காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் தகப்பனுக்கு அப்படித்தான் எழுதினார்கள். அப்படியென்றால் அதில் சொல்ல என்ன இருக்கிறது? ஏன் சொல்கிறார்? வருத்தமா, பெருமையா? ஒரு வரியை மூன்று வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேற்பார்வையாளர் இதை ‘ஆழ்ந்த வாசிப்பு’ என்று பாராட்டினார்.

6.

நவம்பர் பதினொன்று. இந்த நாட்டுப் பிரதமரையே கவர்னர் ஜெனரல் வேலையை விட்டு நீக்கிவிட்டதாக ரேடியோ சொன்னது. குற்றத்தை ஒப்புக்கொள்ள நல்ல நாள், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

குசினியில் வரதராஜா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். “எங்கட ஊரெண்டால் இந்நேரம் ஊரடங்கு. இஞ்சை பாரும், எதிர்வீட்டுக்காரன் புல்லு வெட்டுறான்.”

“அண்ணே, அந்தக் கடிதம்...”

சொன்னேன். முழுவதும் சொன்னேன்.

“வெள்ளைக்காரன்ரை கடிதத்திலையோ நான் கையெழுத்து வைச்சனான்?”

“ஆமாண்ணே. நூற்றெண்பது வருஷத்துக்கு முந்தினது.”

“நான் உம்மடை வசனம் எண்டெல்லோ நினைச்சனான்! பொடியன் எங்களுக்காக யோசிச்சு எழுதினவன் எண்டு.”

(இந்த இடத்தில் அவர் கத்தியைத் தூக்கி எறிவதாக ஒரு வரைவு இருக்கிறது. அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. வெங்காயத்தைச் சட்டிக்குள் தள்ளினார்.)

“சரி. அந்தப் பிள்ளை பிறகு என்னவானவள்?”

“எந்தப் பிள்ளை?”

“அந்த வெள்ளைக்காரன்ரை பிள்ளை ஐசே! தேப்பன் சொன்னபடி ஊரிலை நிண்டவள்தானே? படிச்சு முடிச்சவளோ? பிறகு தேப்பனோட முகம் குடுத்துக் கதைச்சவளோ?”

“தெரியலைண்ணே. அந்தக் கடிதமெல்லாம் இல்லை.”

அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“முடிவு தெரியாத ஒண்டை ஏன் ஐசே எனக்குத் தந்தனீர்?”

என்னிடம் இரண்டு பட்டம் இருக்கிறது. மூன்றாவது வரப்போகிறது. வெங்காயத் தோலைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

7.

அவர் உடனே ஊருக்கு எழுதியிருக்கலாம். தினமும் உட்கார்ந்தார். தினமும் வெயில் வந்தது. அதற்குள் பவளத்தின் கடிதம் வந்துவிட்டது. வாசித்துவிட்டு என் முன்னால் வைத்தார்.

‘அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் கடிதத்தைப் பத்துத் தரம் வாசித்தேன். இவ்வளவு காலமும் நீங்கள் என்னிடம் மார்க்ஸ் எவ்வளவு என்று மட்டும்தான் கேட்டிருக்கிறீர்கள். அதனால் கேட்கிறேன், கோவிக்க வேண்டாம். என்னைப் பார்க்காமல் இருப்பது கடினம் என்று எழுதினீர்களே, அது உண்மையா? உண்மை என்றால் எத்தனை வருஷமானாலும் நான் இங்கே நின்று படிப்பேன். சும்மா வடிவுக்கு எழுதியது என்றால் அம்மாவோடு வந்துவிடுகிறேன், நீங்கள் எப்படிப்பட்டவர் என்று நேரில் பார்க்க. ஒரு சொல்லில் பதில் போதும்.’

இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. வரதராஜாவுக்கு முன்பே சுற்றியிருந்தது.

“விளங்குதோ? என்ரை பிள்ளையை நான் தேடுறன் எண்டு உண்மையைச் சொன்னால், அவள் வரமாட்டாள். தேடேல்லை எண்டு பொய் சொன்னால் வருவாள்.” தேடுவது என்றால் அவர் பேச்சில் பார்க்க ஏங்குவது.

“தேடுறீங்களாண்ணே?”

“என்ன கேள்வி ஐசே இது!” கடிதத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். “அந்த வெள்ளைக்காரன் எழுதினதிலை, பாக்காமல் இருக்கிறது கடினம் எண்ட அந்த ஒரு வரி என்ரைதான். அவன் எனக்கு முந்தி எழுதிப்போட்டான், அவ்வளவுதான்.”

“அண்ணே, இப்படி எழுதலாம். கடினம்ங்கிறது உண்மை, ஆனா...”

“வாசு. நீர் வாயை மூடும்.”

பரீட்சை மண்டபத்துப் பையன் மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். ஒரு சொல் கேட்ட பெண்ணுக்கு முக்கால் மணி நேரம் எழுதினார். விண்ணப்பத்தையும் நிரப்பி உறையில் போட்டார். இரண்டையும் தானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார். திரும்பி வந்து சோறு சாப்பிட்டார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். “நீர் உம்மட பிலடெல்பியாவைப் பாரும்” என்றார்.

8.

ஆக, நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தக் கடிதம் எங்கோ வழியில் இருக்கிறது. முடிவு என்று ஒன்று இருந்தால் அது ஒட்டிய ஏரோகிராமுக்குள் இருக்கிறது. சும்மா இருக்க முடியாமல் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) ஜனவரி. விமான நிலையம். நாகேஸ்வரிக்குப் பின்னால் ஒரு பெண் வருகிறாள். தகப்பனும் மகளும் பார்த்துக்கொள்கிறார்கள். ‘நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று எனக்கு’

(ஆ) ஜனவரி. விமான நிலையம். நாகேஸ்வரி தனியாக வருகிறார். வரதராஜா அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து

இரண்டும் நன்றாக வந்துகொண்டிருந்தன. நன்றாக வந்ததுதான் பயம். போன தடவையும் நன்றாகத்தான் வந்தது.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். இந்த வீட்டில் இரண்டு படுக்கையறை. சின்னது என்னுடையது. மனைவி மட்டும் வந்தால் நான் தொடர்ந்து இருக்கலாம் என்று வரதராஜா ஆகஸ்ட்டிலேயே சொல்லியிருந்தார். மகளும் வந்தால் அறை அவளுக்கு. செப்டம்பரில் பைக்குள் கைவிட்டு அந்தத் தாளை எடுத்தபோது இது என் மனசில் இருந்ததா? ‘இல்லை’ என்று எழுதினேன். அடித்தேன். ‘இருந்தது’ என்று எழுதினேன். அதையும் அடித்தேன். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

பென்டில் ஹில் என்ற புறநகரில் ஒரு வீட்டில் இடம் பார்த்தேன். இன்று சனிக்கிழமை, பெட்டி கட்டினேன். வரதராஜா வாசலில் வந்து நின்றார்.

“உம்மை ஆர் போகச் சொன்னது?”

“யாரும் சொல்லலைண்ணே.”

“அவள் வாறாள் எண்டு ஆர் சொன்னது?”

“அதுவும் யாரும் சொல்லலை.”

அறையைச் சுற்றிப் பார்த்தார். நான் வாங்கிப்போட்டிருந்த படிக்கிற மேசையில் கை வைத்து ஆட்டிப் பார்த்தார்.

“போற இடத்திலை உமக்கு மேசை இருக்குமோ?”

“இருக்கும்ணே.”

“அப்ப இதை விட்டிட்டுப் போம்.”

யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். நாகேஸ்வரி ஆசிரியை, அவருக்கும் மேசை வேண்டும். இந்த மனிதருக்கே இனி வாரம் ஒரு கடிதம் எழுத மேசை வேண்டியிருக்கலாம். கேட்கவில்லை. மேசையை ஜன்னலோரம் தள்ளித் துடைத்து வைத்தேன். கதிரையை உள்ளே செருகாமல் கொஞ்சம் வெளியே இழுத்து விட்டிருக்கிறேன், உட்காருகிற தூரத்துக்கு.

நான் போகிறேன். அறைக்குள் நீங்கள் வரலாம். கதிரையில் யாரை உட்கார வைப்பீர்களோ, அது உங்கள் பாடு.