ஆறு பத்து வண்டி

ஆசை யாரை விட்டது? மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரை மட்டும் விட்டுவிடுமா என்ன? பதினோரு வருடமாக ஒரே வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். குடும்பத்தோடு ஏறலாம், மூட்டை முடிச்சு ஏற்றலாம், சொன்ன பேச்சு கேட்கும். அதற்கு மேல் அந்தக் காரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதே காரில் வேகத்துக்கென்றே செய்த இன்னொரு வகை வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ஷோரூமுக்குப் போனார். சும்மா பார்க்கப் போய் சும்மா திரும்பியவர் உண்டா? விற்பனைக்காரர் சாவியைக் கையில் கொடுத்து, "ஒரு தடவை மிதிச்சுத்தான் பாருங்களேன் சார்" என்றார். மிதித்தார். இரட்டை சைலன்சர் உறுமியது. நாற்பத்தொன்பது வயதில் மனிதருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இந்த வயசுல பாயுற வண்டி எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"கடை, வீடு, கடை, வீடுன்னே போயிடுச்சு. எனக்குன்னு ஒண்ணு வேண்டாமா?"

நியாயமான ஆசைதான் என்று அவளுக்கும் தெரியும். ஒன்றே ஒன்று மட்டும் சொன்னாள். "தம்பிகிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க."

"அவனுக்கு என்ன தெரியப்போகுது? அதே கம்பெனி, அதே மாடல், அதே வெள்ளை. நீயே வேணா பாரு, கண்டுபிடிக்கவே மாட்டான்."

அங்கேதான் சறுக்கினார். பகல் முழுவதும் அடுத்தவர் கண்முன்னே கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டே பழகியவர். உலகத்தில் எல்லோருக்கும் எல்லாமே கண்வழியாகத்தான் போகிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

தம்பிக்கு முப்பத்தாறு வயது. ஆள் வளர்ந்தானே தவிர அறிவு வளரவில்லை என்று தெருவில் சொல்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒருவர் என்றைக்கோ சொன்ன வார்த்தையை, சொன்னவரே மறந்த பிறகும், எழுத்துப் பிசகாமல் வைத்திருப்பான் அவன். அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் அது சொன்னதுதான். அந்த வீட்டில் அவனுக்கு ஓர் உத்தியோகமும் இருந்தது. சாயங்காலம் ஆறு பத்துக்கு அண்ணன் கார் தெருமுனை சலவைக்கடையைத் தாண்டும். பெல்ட் ஒரு தடவை கீச்சிடும், கியர் மாறும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் எழுந்து இரும்பு கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைப்பான். காருக்கு நிற்க வேண்டிய வேலையே இருக்காது. தெருவில் அவனுக்கு 'கேட் ஆபீசர்' என்று பெயர். கேலிதான், ஆனால் அவனுக்கு அதில் பெருமை.

கார் உள்ளே நின்றதும் குனிந்து, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டை ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பான். ஏதாவது வாங்கி வந்திருக்கிறாரா என்று பார்க்கிறான் என்று நினைத்த அண்ணன், தினமும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை அந்த சீட்டில் வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார். கொடுத்தால் வாங்கிக்கொள்வான், பிரிக்கக்கூட மாட்டான். பிறகு கேட்டைச் சாத்துவான். தாழ்ப்பாள் மட்டும் போட மாட்டான். "ஏன்டா?" என்றால், "இருக்கட்டும்ணா" என்பான். அம்மா இறந்துபோன இந்த ஐந்து வருடமும் இதே கதைதான். அவன் படுத்த பிறகு அண்ணி எழுந்து வந்து ஓசைப்படாமல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போவாள்.

பழைய காரை ஷோரூமிலேயே கொடுத்துவிட்டு, புதுக் கார் வந்த அன்று அண்ணன் சாமர்த்தியமாகத்தான் எல்லாம் செய்தார். பழைய சாவிக்கொத்து, கண்ணாடியில் தொங்கிய பழைய பொம்மை, பக்கத்து சீட்டில் பிஸ்கட் எல்லாம் அப்படியே இருந்தன. சரியாக ஆறு பத்துக்கு சலவைக்கடையைத் தாண்டினார். புலிக்குட்டி மாதிரி உறுமிக்கொண்டு கார் வீட்டு வாசலில் வந்து நின்றது. கேட் சாத்தியபடியே இருந்தது.

ஹாரன் அடித்தார். தம்பி கம்பி வழியாகப் பார்த்து, மரியாதையாகக் கேட்டான்.

"யார் வேணுங்க? அண்ணன் இன்னும் வரல. ஆறு பத்துக்கு வந்துடுவாரு."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கினார். "டேய், நான்தான்டா!"

தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தான். "நீ வந்துட்ட. வண்டி வரல."

"இதாண்டா நம்ம வண்டி. அதே வண்டி."

"இல்லை" என்றான் தம்பி. அவ்வளவுதான். அண்ணனே கேட்டைத் திறந்து, அண்ணனே காரை உள்ளே விட்டார். தம்பி திரும்பிக்கூடப் பார்க்காமல் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார். ஆகவில்லை. தம்பி ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுபோய் கேட்டருகில் போட்டு உட்கார்ந்துவிட்டான். சாப்பிடக் கூப்பிட்டால், "வண்டி வரட்டும்" என்பான். அண்ணி தட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தால் இரண்டு வாய், அதோடு சரி. ஒவ்வொருவராகப் போய் அதே பொய்யைச் சொன்னார்கள். அண்ணன் சொன்னார், அண்ணி மனசில்லாமல் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரர்கூட வந்து, "அதே வண்டிதான் ஆபீசர், நல்லாப் பாருங்க" என்றார். தம்பி எல்லோரையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தெருமுனைக்கே திரும்பினான்.

அண்ணன் மெக்கானிக்கிடம் போனார். "சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா? பழைய வண்டி மாதிரி."

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "பாயுறதுக்குன்னு வாங்கிட்டு, பதுங்கச் சொல்றீங்களே சார்!"

ஐந்தாம் நாள் மழை. இழுத்துப் பிடித்தும் தம்பி உள்ளே வரவில்லை. ஆறாம் நாள் உடம்பு அனலாகக் கொதித்தது. மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தால், ஆறு மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் மறுபடி அதே முக்காலியில் உட்கார்ந்தான். அண்ணனுக்குக் கோபம் வந்தது. கோபம் என்ன கோபம், பயம்தான்.

"ஒரு ஓட்டை வண்டிக்காக இப்படி உயிரை விடுவானா ஒருத்தன்?" என்று மனைவியிடம் கத்தினார்.

அவள் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"வண்டிக்காகவா? அத்தை எதுல போனாங்க?"

அவர் திரும்பி கேட்டைப் பார்த்தார்.

"கேட்டைத் திறந்துவிட்டதே தம்பிதான். பக்கத்து சீட்ல உட்கார்ந்துகிட்டு, 'கேட்டைச் சாத்திக்கோடா, இந்த வண்டியிலயே வந்துடறேன்'னு சொல்லிட்டுப் போனாங்க. நான் இங்கதான் நின்னுட்டு இருந்தேன். மறுநாள் நீங்க மட்டும் வந்தீங்க. அதுக்கு முன்னாடியே தம்பிய உங்க சித்தி வீட்டுக்கு அனுப்பியாச்சு. எல்லாம் முடிஞ்ச பிறகு கூட்டிட்டு வந்து, 'அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, வருவாங்க'ன்னு சொன்னது யாரு?"

"அப்போ அவனால தாங்க முடியாதுன்னுதானே..."

"அப்போ சரி. அப்புறம் எப்போ சொன்னோம்? நானும் சொல்லல. அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டு. தினமும் தாழ்ப்பாள் போடும்போது அத்தையை வெளியே வச்சுச் சாத்துற மாதிரி இருக்குதுங்க எனக்கு."

கண்ணாடிக் கடைக்காரர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து வருடமாகத் தினமும் ஆறு பத்துக்கு அந்த ஜன்னலில் குனிந்த முகத்தை நினைத்துப் பார்த்தார். அவன் பார்த்த சீட்டில் தான் பிஸ்கட் வைத்ததையும் நினைத்துப் பார்த்தார். வாய்விட்டு அழுதுவிட்டார் மனிதர்.

மறுநாள் காலை ஷோரூமில் சண்டை போடாத குறையாக, பழைய காரை வாங்கியவரின் நம்பரை வாங்கினார். வீட்டிலேயே கேக் செய்து விற்கிற ஒரு பெண்மணி. ஆறேழு தெரு தள்ளித்தான் வீடு. குலுங்காத வண்டி வேண்டும் என்று தேடித்தேடி எடுத்தாராம். சாயங்காலம் அங்கே போன அண்ணன் எதையும் மறைக்காமல் சொன்னார். அந்தம்மா கையில் இருந்த மாவைத் தட்டிவிட்டு, சாவியை எடுத்து நீட்டினார்.

"ஏழு மணிக்கு ஒரு பிறந்தநாள் கேக் போகணும். அதுக்குள்ள கொண்டுவந்துடுவீங்கல்ல?"

"கொண்டுவந்துடறேம்மா. அவனையும் கூட்டிட்டு வரேன்."

புதுக் காரை அந்தம்மா வீட்டு வாசலில் தெருவோரமாக நிறுத்திவிட்டு, பழைய காரில் ஏறினார். ஆறு பத்துக்கு சலவைக்கடை. பெல்ட் கீச்சிட்டது. 'டொக்' என்றது. அவர் தெருவுக்குள் திரும்புவதற்குள் கேட் இரண்டு பக்கமும் விரியத் திறந்துகிடந்தது.

காய்ச்சல் முகத்தோடு தம்பி ஓடிவந்து குனிந்து ஜன்னலில் பார்த்தான். சீட் காலியாக இருந்தது. இன்றைக்குப் பிஸ்கட்கூட இல்லை. அவன் நிமிரவே இல்லை. அண்ணன் கையை நீட்டி அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"உட்காருடா."

"அம்மா சீட்டு."

"தெரியும். உட்காரு. உன்கிட்ட பேசணும்."

உட்கார்ந்தான். அண்ணி வாசலிலேயே நின்றாள். அண்ணன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்த வண்டிய நான் வித்துட்டேன்டா. உன்கிட்ட சொல்லல. அது வேற, இது வேற. அதே வண்டின்னு சொன்னது பொய்."

"தெரியும்" என்றான் தம்பி.

"இது இப்போ வேற ஒரு வீட்டு வண்டி. அந்த வீட்ல கொண்டுபோய் விடணும். நீதான் கேட் திறக்கணும்."

தம்பி திறந்து கிடந்த தங்கள் கேட்டைப் பார்த்தான். பிறகு தலையாட்டினான். உத்தியோகம் என்றால் உத்தியோகம்தானே.

கேக் செய்கிற அம்மாவின் வீட்டு கேட் புதிது, தள்ளினால் தானாக உருளும். தம்பி அதை இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, முழுவதும் திறந்து, ஓரமாக நின்றான். கார் உள்ளே போய் நின்றது. அண்ணன் சாவியை அவன் கையில் கொடுக்க, அவன் அந்தம்மாவிடம் கொடுத்தான்.

"பெல்ட் கத்தும். பயப்படாதீங்க" என்றான்.

"சரிங்க" என்றார் அந்தம்மா.

தம்பி காரின் முன்பக்கத்தில் ஒருமுறை கைவைத்துப் பார்த்தான். சூடாக இருந்திருக்கும். பிறகு வெளியே வந்து, அந்த கேட்டை மெதுவாக உருட்டிச் சாத்தினான்.

திரும்பும்போது புதுக் காரில், அண்ணனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். சீட் பள்ளமாக இருந்தது, முழங்கால் உயர்ந்து நின்றது. அண்ணன் முடிந்தவரை மெல்ல ஓட்டினார். அப்படியும் அது உறுமத்தான் செய்தது. பாதி வழியில் தம்பி கேட்டான்.

"அம்மாவும் வேற வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் காரை ஓரமாக நிறுத்தினார், என்ஜினை அணைத்தார்.

"இல்லடா. அம்மா செத்துட்டாங்க. இனிமே வரவே மாட்டாங்க."

"எப்போ?"

"அந்த வண்டியில போனாங்கல்ல, அன்னிக்கு ராத்திரியே."

தம்பி விரலை மடக்கி எதையோ எண்ணினான். பாதியில் விட்டுவிட்டான். "நீ சொல்லல."

"சொல்லல. தப்பு பண்ணிட்டேன்டா."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. அண்ணன் அவன் முதுகில் கைவைத்தபடி வெகுநேரம் அப்படியே இருந்தார். நியாயமாக அவன் தன்னை ஓர் அறை அறைந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அவன் அழுது முடித்து, சட்டை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஓட்டு. அண்ணி தனியா இருப்பாங்க."

வீட்டு வாசலில் கார் நிற்பதற்குள் இறங்கிவிட்டான். இவர்கள் போனபோது திறந்துபோட்ட கேட் அப்படியே கிடந்தது. தம்பி ஓரமாக நின்று கையைக் காட்ட, வண்டி உறுமிக்கொண்டு உள்ளே போனது. தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தை முழுவதும் கேட்டான். பிறகு கேட்டைச் சாத்தினான். இரண்டு கையாலும் பிடித்து, துருப்பிடித்த தாழ்ப்பாளை இழுத்துக் கடைசிவரை போட்டான்.

வாசலில் நின்றிருந்த அண்ணியிடம் வந்தான்.

"தாழ்ப்பாள் போட்டுட்டேன் அண்ணி. இனிமே ராத்திரியில நீங்க எழுந்து வர வேண்டாம்."