மடங்காத அத்தை

ஒரு வீட்டு ஆம்பிளைக்குக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் ஆசை வந்துவிட்டால் அந்த வீடு உருப்பட்ட மாதிரிதான்.

துணி வெட்டுவதற்கான அளவுப்படம், அதாவது பேட்டர்ன், வரைகிற அந்த வீட்டு மருமகளுக்கு அது திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குத் தெரிந்தது. பதினோரு மணிக்குள் கோட்டு பேட்டர்ன் ஃபைல் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். தவறினால் நானூறு கோட்டு ஆர்டர் வேறு ஆளுக்கு. அந்தக் கோட்டின் காலரோடு மூன்று வாரம் மல்லுக்கட்டியிருந்தாள். வியாழக்கிழமை மாதிரி தைக்க வெட்டி வந்த உள் காலர் ஒரு நூல் அளவு குறைவாக இருந்தது. என்ன மாயமோ, காலர் படிந்துவிட்டது. அந்த அளவையே அன்றைக்கே ஃபைலிலும் போட்டு முடித்தாள். இப்போது திறந்தால் ஃபைலைக் காணோம்.

நேற்றுக் கொஞ்சம் துடைத்தேன் என்றான் புருஷன். குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டானாம். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் எல்லாவற்றையும் சுருக்கி ஒரே மூட்டையாகக் கட்டி வைக்கிறேனே என்று பெருமை வேறு. மூட்டையை முழுசாகப் பிரிக்க ரெண்டு மணி நேரம் ஆகும். பிரித்துக் கொட்டவும் இடமில்லை. ஒரு ஃபைலை மட்டும் உருவலாம். அதற்குப் பேர் எழுத்துப் பிசகாமல் வேண்டும்.

அங்கேதான் சிக்கல். பேட்டர்னுக்கு நம்பர் போடுகிற வழக்கமே அவளிடம் கிடையாது. குணம் பார்த்துச் சொந்தக்காரர் பேர் வைப்பாள். தொளதொள பைஜாமா, சித்தப்பா. எப்படித் தைத்தாலும் இழுக்கிற சட்டைக்கை, பெரிய நாத்தனார். தடவத் தடவ விறைத்து நின்ற இந்தக் காலருக்கு எரிச்சலில் வைத்த பேர், 'மடங்காத அத்தை'. அத்தையோ, அதாவது மாமியார், ரெண்டடி தள்ளி மேசையில் பேட்டர்ன் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தார்.

முழுசாகவே பிரித்துவிடுங்களேன் என்று கெஞ்சிப் பார்த்தாள். நீங்கள் போய் டீ குடியுங்கள், நானே உருவிக்கொள்கிறேன் என்றாள். அவன் நகர்கிற வழியைக் காணோம். மணி பத்தே கால். மானம் போனால் போகட்டும் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் விரல்கள் ஓடின: மடங்காத அத்தை. ஃபைல் வந்து உட்கார்ந்தது.

"உங்களுக்கு எப்படிங்க பேர் தெரியும்?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "பேரைப் பார்த்துதான் அழிச்சேன். அம்மா கண்ணுல பட்டா வீடு ரெண்டாயிடுமே. உள்ள என்ன இருக்குன்னு பாக்கல."

ஆக, துடைத்ததாவது ஒன்றாவது! மனுஷன் அழித்ததே அந்த ஒரே ஒரு ஃபைலைத்தான். அவனை என்ன செய்தால் தகும் என்று அவள் யோசிக்கும்போதே கத்தரிச் சத்தம் நின்றது.

"அச்சாகி வர்ற ஒவ்வொரு துண்டுலயும் அந்தப் பேர்தான் இருக்கு," என்றார் மாமியார். "மூணு வாரமா யாரு வெட்டறா?"

மருமகளுக்குக் கண் கலங்கியே விட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பேரை அவசரமாக மாற்றப் போனாள். தொழிற்சாலையிலும் துண்டுக்குத் துண்டு அந்தப் பேர்தானே விழும்!

மாமியார் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள் காலர்ல நான் ஒரு நூல் குறைச்சு வெட்டினது கை தவறிப்போய்னு நெனச்சியா? வெளிக்காலர் அளவே உள்ளயும் இருந்தா எப்படிடி படியும்?"

"சொல்லியிருக்கலாமே அத்தை."

"அந்தப் பேரைப் பார்த்தப்புறம் வாயத் திறந்து சொல்லுவேனா நானு?" என்றார். "மாத்தாத. அப்படியே அனுப்பு. நாலு பேருக்குத் தெரியட்டும்."