சாவு வீட்டுக் கீரை

அப்பாவைக் குளிப்பாட்ட முன்வாசலில் பெஞ்சு போட்டுக்கொண்டிருந்தார்கள். புஷ்பவல்லி கொல்லையில் குனிந்து, அவர் போட்ட கீரையை வேரோடு பிடுங்கிக் குப்பைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ! உனக்கென்னா பைத்தியமாடி? அவரு கை வெச்ச செடி, இன்னிக்கா பிடுங்குவே?" அம்மா ராஜம்மா பின்வாசலில் நின்று அலறினாள்.

"பூச்சி விழுந்திருக்கும்மா. உள்ள போங்க லா."

பொய்தான். தினமும் அதைக் கடைந்து போட்டவள் அம்மா. அவளிடம் வேறு என்னத்தைச் சொல்ல?

மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கில் அந்த வீடு பள்ளத்தில் இருந்தது. லோரி ஓட்டிய அப்பா தம்புசாமி, மூடிப்போன ஈயச் சுரங்கத்தில் மண் ஏற்றிய நாட்களில் கடைசி நடை மண்ணை வீட்டுக் கொல்லையில் கொட்டி மேடாக்கினார். சும்மா கிடைத்த மண் என்று அவருக்கு அத்தனை பெருமை. ஆனால் கீரை முழங்காலுக்கு மேல் வளர்ந்ததில்லை. இலை ஓரம் சிவந்து கருகும்.

மகள் வேலை பார்ப்பதோ மண் பரிசோதனைக் கூடத்தில். எஸ்டேட் எஸ்டேட்டாக மண்ணைச் சோதிப்பவள், சொந்த அப்பன் மண்ணை மட்டும் கண்ணால் பார்த்தே சொல்லிவிட்டாள்: "பாஸ்பேட் பத்தலப்பா. உரம் போடுங்க." இரண்டு வருஷம் மூட்டை மூட்டையாகப் போட்டார். இரண்டு வேளையும் அதே கீரையைத் தின்றார். உள்ளங்கை அரிசி அரிசியாகத் தடித்தபோது, ஸ்டீரிங் பிடித்த கை என்று சிரித்தார்.

போன வாரம்தான் அந்தக் கையைப் பார்த்துச் சந்தேகம் வந்து, ஒரு டப்பா மண் எடுத்துப் போனாள். நேற்று முடிவு வந்தது. ஆர்சனிக். செடி அந்த விஷத்தை முடிந்தவரை வேரிலேயே கட்டிவைத்து இலையைக் காப்பாற்றப் பார்க்கும். மண்ணோடு ஒட்டிக் கிடந்ததையெல்லாம் அவள் சொன்ன உரம் கிளப்பிவிட, செடிக்குத் தாங்கவில்லை. இலைக்கு ஏறிவிட்டது.

சாயங்காலம் சொல்ல ஓடி வந்தாள். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. மாரடைப்பு என்றார்கள். கீரையாலா, இல்லையா? யாரைப் போய்க் கேட்பது? தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மதியம் அப்பாவை எடுத்ததும் வீட்டைக் கழுவினார்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டு வள்ளியம்மா சோறு கொண்டுவந்து இலை போட்டாள். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் தொடாத அம்மா, எல்லோரும் கெஞ்சியபின் உட்கார்ந்தாள்.

"இதையாச்சும் தின்னுங்கக்கா. முந்தாநாள் அண்ணன் வேலி மேல நீட்டுன கீரை. அவரு கையால குடுத்தது, கடைஞ்சிட்டு வந்தேன்."

அம்மாவின் முகம் அன்றைக்கு முதல்முறையாக இளகியது. சோற்றில் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோனாள்.

புஷ்பவல்லி பாய்ந்து கையைப் பிடித்தாள்.

"வேணாம்மா! அந்த மண்ணுல விஷம் இருக்கு. நான்தான் உரம் போடச் சொல்லி ஏத்திவிட்டேன். நான்தாம்மா!"

வள்ளியம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"தெனம் நான்தானேடி கடைஞ்சு போட்டேன்," என்றாள் அம்மா, மெதுவாக.

அவள் கையை விரிக்கவில்லை. மகளும் விடவில்லை. மூடிய விரலிடுக்கிலிருந்து பச்சைச் சாறு மணிக்கட்டு வரை வழிந்தது.