ஏழாவது கேமராவில் மேஸ்திரி

ரப்பர்த் தோட்டத்தில் களை வெட்டுகிறவனுக்குச் சுத்தக்காரன் என்று பெயர் விழுந்தது சும்மா இல்லை. அவன் கத்தி வீசிய இடத்தில் ஒரு புல் மிச்சம் இருந்தாலும் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன், தோட்டத்தை ஒட்டிய முள்காட்டில் பெரிய புள்ளிப் புனுகுப்பூனையைப் பார்த்தேன் என்று வாயை விட்டு மாட்டிக்கொண்டான்.

முப்பது வருஷமாக யார் கண்ணிலும் படாத மிருகம் அது. பூண்டோடு போய்விட்டது என்று படித்தவர்களே கைகழுவிவிட்டார்கள்.

"முதுகுல கறுப்பா பிடரி மயிரு. வாலுல அஞ்சு பட்டை" என்று அவன் அடித்துச் சொன்னான்.

"எத்தனை கிளாஸ் போட்டே?" என்றார் மேஸ்திரி.

அவன் பெண்டாட்டி அதற்கும் ஒரு படி மேலே போனாள். "பத்தடியில நான் வந்தாலே யாருன்னு கேக்குற மனுஷன். பூனைக்குப் பட்டை எண்ணினாராம்!"

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. சேதி கேட்டுப் பட்டணத்திலிருந்து ஏழு கேமராவோடு வந்தாள். மிருகங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். தோட்டத்தில் அவளுக்குப் பூனை டீச்சர் என்று பெயர். திங்கட்கிழமை முள்காட்டை வெட்டிக் கன்று நடுவதாக ஏற்பாடு. அதற்குள் ஒரு படம் கிடைத்தால் காட்டை விட்டுவிடுகிறேன் என்று முதலாளி ஒப்புக்கொண்டார். கிடைக்காவிட்டால் காடும் போகும். சுத்தக்காரன் ஆயுசுக்கும் புளுகன்.

வந்த அன்றே டீச்சருக்குக் கால் பிசகிவிட்டது. கேமராக்களை மரத்தில் கட்டுகிற வேலை அவன் தலையில் விழுந்தது.

"முன்னாடி இலை ஆடினா அதுவா படம் எடுத்துக்கும். கிள்ளி விட்டுருங்கண்ணே" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

கிள்ளுவதா? அவனா? ஆறு கேமராவுக்கு முன்னாலும் பத்தடி வட்டத்துக்கு மழித்தெடுத்து, பெருக்கியும் விட்டான். ஏழாவதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு இலையைக் கிள்ளிவிட்டு, வெட்கத்தோடு வீடு வந்து சேர்ந்தான்.

சனிக்கிழமை காலை கிடங்கு அறையில் டீச்சர் கம்ப்யூட்டரைத் திறந்தாள். மேஸ்திரி வேடிக்கை பார்க்க நின்றார். பெண்டாட்டி டீ கொண்டுவந்த சாக்கில் அங்கேயே நின்றுகொண்டாள்.

முதல் கேமராவில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். இரண்டாவதில் சுத்தக்காரனின் பின்பக்கம், கையில் துடைப்பத்தோடு. மூன்றாவதிலும் அதே பின்பக்கம்.

"அண்ணே, இது காடா மைதானமா? அது புதருக்குள்ளயே பதுங்கிக் கிடக்குற ஜீவன். அதோட வீட்டையே இடிச்சுட்டீங்களே!"

முப்பது வருஷம் தப்பிய பூனையை ஒரு மத்தியானத்தில் விரட்டிவிட்டோமே என்று அவன் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தான்.

"கத்தியைத் தீட்டி வைடா" என்றார் மேஸ்திரி. "திங்கக்கிழமை வேலை இருக்கு."

ஆறும் முடிந்து ஏழாவது வந்தது. அடர்ந்த புதர். நடுவில் ஒரு மரம். மரத்தைப் பார்த்தபடி, காலை அகட்டி, வானத்தை ரசித்துக்கொண்டு மேஸ்திரி.

"ஐயோ, அதை அழிங்க!"

"மறைவான இடமாத்தான் பாத்திருக்கீங்க" என்றாள் பெண்டாட்டி.

டீச்சர் அடுத்த படத்தைத் தட்டினாள். அதே மரம், விடிகாலை. மேஸ்திரி நனைத்த இடத்தை மூக்கு வைத்து மோந்துகொண்டு நின்றது அது. கறுப்புப் பிடரி, உடம்பெல்லாம் புள்ளி. அதற்கடுத்த படத்தில் மரத்துக்கு முதுகைக் காட்டி, வாலைத் தூக்கி, மேஸ்திரிக்குச் சுடச்சுடப் பதில் எழுதிக்கொண்டிருந்தது.

டீச்சர் அழுதுவிட்டாள். பெண்டாட்டி திரையில் விரலை வைத்து வாலை எண்ணினாள். ஒன்று, இரண்டு... அஞ்சு. திரும்பி அவனைப் பார்த்தாள். டீ கிளாஸை முதலில் அவன் கையில் கொடுத்தாள்.

"என் படத்தை அழிச்சிடும்மா, புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார் மேஸ்திரி.

"முடியாதுங்க. பூனை என்ன உயரம்னு கேப்பாங்க. அதே மரத்துல நீங்க நிக்கிறீங்களே, உங்க இடுப்பு உயரத்தை வெச்சுத்தான் கணக்குப் போடணும். ரெண்டு படமும் சேந்துதான் போகும். அண்ணே, இந்த டேப்பைப் பிடிங்க."

சுத்தக்காரன் மேஸ்திரி முன்னால் குந்தி, டேப்பின் நுனியைத் தரையில் அழுத்தினான்.

"காலை இன்னும் கொஞ்சம் அகட்டுங்க மேஸ்திரி" என்றான். "அன்னைக்கு நின்ன மாதிரியே."